ஆடிப்பட்டத்துக்கு விதையிலிருந்து மாடித்தோட்டம்: போன முறை எல்லாம் போய்விட்டது, இந்த முறை எங்கிருந்து தொடங்குவது?

கிழக்குமாடி (தாம்பரம்), ஜூன் 28

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும்தான் செய்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். சொந்த வீடு, மொட்டை மாடி 20க்கு 30 அடி. தெற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி, மேற்கே பக்கத்து வீட்டு வேப்பமரம்.

போன வருடம் சித்திரையில் இணையத்தில் 18 பாக்கெட் விதை வாங்கினேன். தக்காளி, மிளகாய், கத்தரி, காலிஃபிளவர், குடைமிளகாய், கேரட் என்று படத்தைப் பார்த்து வாங்கியதுதான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் குழித்தட்டில் போட்டேன். வெயில் கடுமையாக இருந்ததால் தட்டுகளை மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்து, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். தக்காளி ஆறாம் நாள் முளைத்தது. என் மகள் தினமும் பல் விளக்குவதற்கு முன்னாலேயே போய் எண்ணிப் பார்த்துவிட்டு வருவாள். பத்தாம் நாள் பார்த்தால் நாற்றெல்லாம் வெள்ளை நூல் மாதிரி நீண்டிருந்தது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்துச் சுருங்கிப்போய் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தது. மூன்றே நாளில் தட்டு காலி. மிளகாய் முளைக்கவே இல்லை. குழந்தை அழுததைப் பார்த்து எனக்கும் மனசு விட்டுப்போனது.

இந்த ஆடியில் மறுபடியும் முயற்சி செய்கிறேன். நாற்று வாங்கி வைக்க விருப்பமில்லை, விதையிலிருந்தே வர வேண்டும். என்ன விதைக்கலாம், எந்த மண், மீதமுள்ள பழைய பாக்கெட்டுகள் இன்னும் உதவுமா? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை), ஜூன் 28

வாங்கம்மா. உங்கள் நாற்றுக்கு வந்தது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சைதான் காரணம், ஆனால் அதற்கு வாசலைத் திறந்துவிட்டது நிழலும் மூன்று வேளைத் தண்ணீரும். வெளிச்சம் இல்லாத நாற்று வெளிச்சத்தைத் தேடி நீளும், தண்டில் பலம் இருக்காது. அதன்மேல் ஈரமும் நின்றால் கழுத்து அழுகிவிடும். விதை மேல் குற்றமில்லை, உங்கள் கைராசி மேலும் குற்றமில்லை.

விதைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. நாளைக்குக் காலை 7 மணி, 10 மணி, 1 மணி, 4 மணிக்கு மாடிக்குப் போய், எங்கே வெயில் விழுகிறது, எங்கே நிழல் என்று தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். காய்க்கும் செடிக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரைக்கு 4 மணி நேரம் போதும். உங்கள் வேப்பமரம் மதியத்துக்கு மேல் நிழல் போடும், அந்தப் பக்கத்தைக் கீரைக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, போன ஒரு வாரம் கடையில் என்ன காய் வாங்கினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். வீட்டில் யாரும் தொடாத காயை வளர்த்து என்ன செய்ய? அதிலிருந்து ஐந்தே ஐந்து. அதற்கு மேல் இந்த ஆடியில் வேண்டாம். நான் 11 வருடமாக மாடியில் வளர்க்கிறேன். முதல் வருடமே 40 பை வைத்தவர்களில் அடுத்த வருடம் தொடர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நொய்யல் (கோவை), ஜூன் 29

பழைய பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள் அக்கா, முதலில் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு ரகத்திலும் 10 விதை எடுத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் இடைவெளி விட்டு அடுக்கிச் சுருட்டுங்கள். சுருட்டியதை ஒரு டப்பாவில் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, அடுப்படிப் பக்கம் கதகதப்பாக வையுங்கள். தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள், துணி காயக் கூடாது, சொட்டவும் கூடாது. கீரை 3 நாளில், வெண்டை 4 முதல் 6 நாளில், தக்காளி ஒரு வாரத்தில், கத்தரி 10 நாளில் தெரிந்துவிடும். மிளகாய்க்கு 12 நாள் வரை பொறுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். முளைப்புத்திறன், சோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். சோதித்த நாளிலிருந்து 9 மாதம்தான் கணக்கு. தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 என்பது குறைந்தபட்ச முளைப்புத்திறன். இந்த விவரம் எதுவும் அச்சடிக்காத வெறும் படப் பாக்கெட்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். நானும் ஒருமுறை அப்படி ஒரு கடையில் ஏமாந்தேன். பாகல் என்று கொடுத்தது மூன்று மாதம் கழித்து வெள்ளரியாகக் காய்த்தது.

விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சாண மருந்து. குழந்தை கையில் கொடுக்காதீர்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கிழக்குமாடி, ஜூன் 30

ரொம்ப நன்றி. சாக்கட்டிக் கோடு போட்டாயிற்று. கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம்தான் நல்ல வெயில், ஏழரை மணி நேரம். மேற்கில் மதியம் இரண்டு மணிக்கே நிழல் வந்துவிடுகிறது.

சமையல் கணக்கு: கீரை வாரம் மூன்று நாள், வெண்டை இரண்டு நாள், கத்தரி இரண்டு நாள், சுரைக்காய் ஒரு நாள். தக்காளி தினமும். அவரை, மாமியாருக்கு. அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "அவரைக்கு ஆடிதான். தையில் போட்டால் இலைதான் பறிக்கலாம்." ஏன் என்று கேட்டால் அவங்க அம்மா சொன்னது என்கிறார். காரணம் யாருக்காவது தெரியுமா?

பந்தல்கால் (கும்பகோணம்), ஜூன் 30

உங்கள் மாமியார் சொன்னது நூற்றுக்கு நூறு. பந்தல் அவரை மாதிரி பழைய கொடி ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கொடி நாலு மாதம் நன்றாக வளர்ந்திருக்கும், கார்த்திகையில் பகல் சுருங்கும்போது பூ எடுக்கும், மார்கழியும் தையும் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். தையில் விதைத்தால் கொடி வளர வளரப் பகல் நீண்டுகொண்டே போகிறது. பந்தல் நிறைய இலை இருக்கும், ஒரு பூ வராது. உரம் போதவில்லை என்று நினைத்து அள்ளிக் கொட்டினால் இன்னும் இலைதான் வரும்.

குற்றுச்செடி அவரைக்கு இந்தக் கட்டு இல்லை, எந்தப் பட்டத்திலும் வரும். ஆனால் அந்த மணம் பந்தல் அவரைக்குத்தான். எங்கள் கொல்லையில் என் பாட்டி வைத்த கொடியின் விதையைத்தான் இன்றைக்கும் போடுகிறோம்.

நொய்யல், ஜூலை 1

அப்படியானால் ஐந்து: சிறுகீரை, வெண்டை, கத்தரி, சுரை, அவரை. தக்காளியை இப்போது விடுங்கள் அக்கா. இரவும் சூடாக இருந்தால் தக்காளிப் பூ பிடிக்காமல் உதிரும். சென்னையில் புரட்டாசியில் நாற்று விட்டால் மார்கழிக் குளிரில் பூத்துத் தையில் பழம் பறிக்கலாம். கேரட், பீட்ரூட், காலிஃபிளவருக்கும் ஐப்பசிக்கு மேல்தான் நேரம். நீங்கள் போன வருடம் சித்திரையில் காலிஃபிளவர் போட்டிருக்கிறீர்கள். அது முளைத்திருந்தாலும் பூ கிடைத்திருக்காது.

மண் கலவைக்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் பாதி. எடை குறைவு, கையாள எளிது. செம்மண் வேண்டாம்.

வைகைக்கரை, ஜூலை 1

தம்பி சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். நார்க்கழிவும் உரமும் மட்டும் போட்டால் முதல் இரண்டு மாதம் அருமையாக வரும். அப்புறம் கலவை அமுங்கிப் பை பாதியாகிவிடும், சுரை மாதிரிக் கொடிக்கு வேர் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஒரு நாள் தண்ணீர் தவறினால் வாடிவிடும். செம்மண் ஒரு பங்கு கட்டாயம் வேண்டும். என் கணக்கு செம்மண் 1, நார்க்கழிவு 1, மட்கிய உரம் 1, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு.

நார்க்கழிவில் இன்னொன்று. மட்காத பச்சை நார்க்கழிவு தான் மட்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். செடி வெளிர் மஞ்சளாக நின்றுவிடும். மட்க வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். 5 கிலோ கட்டியை ஊற வைத்தால் ஏறத்தாழ 70 லிட்டர் வரும், ஒரு கட்டியே உங்களுக்குப் போதும். முதல் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் இறங்கும், உப்பு அதில்தான். நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள்.

நொய்யல், ஜூலை 2

ஐயா சொல்வது கொடிகளுக்குச் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எடையையும் பார்க்க வேண்டும். 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரப் பை 22 லிட்டர் கொள்ளும். வெறும் செம்மண் போட்டு நனைந்தால் ஒன்று 35 கிலோவைத் தாண்டும். நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பை நிற்கும், அதாவது 300 கிலோவுக்கு மேல். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டடத் தரக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோதான். ஐயாவின் மூன்று பங்குக் கலவையில் ஒரு பை 20 கிலோவுக்குச் சற்று மேல். சதுர மீட்டருக்கு நாலு பை என்று பரப்பி, உத்தரம் ஓடும் சுவர் ஓரமாக வைத்தால் பயமே இல்லை. பைக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். தண்ணீர் வடியும், தளம் காயும், கீழ் வீட்டுக் கூரையில் கசிவு வராது.

புதுமண் (திருச்சி), ஜூலை 3

நானும் இந்த இழையைப் பார்த்துத்தான் தொடங்கப் போகிறேன். ஒரு சந்தேகம். நாட்டு விதையா, வீரிய ஒட்டு விதையா? கடைக்காரர் ஒட்டு ரகம்தான் காய்க்கும் என்கிறார்.

பந்தல்கால், ஜூலை 3

அடுத்த வருடமும் விதைக்க நினைத்தால் ஒட்டு விதை வேண்டாம். அது முதல் தலைமுறைக்கு நன்றாகக் காய்க்கும், அதன் விதையை எடுத்துப் போட்டால் ஒரு செடி ஒரு மாதிரி, இன்னொரு செடி வேறு மாதிரி வரும்.

ஆனால் எல்லோரும் மறந்துபோகும் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் பல ஒட்டு அல்லாதவை. விதை எடுத்து மறுபடி போடலாம். பெயரில் முன்னால் இருக்கும் எழுத்தே எந்த ஊரில் உருவானது என்று சொல்லிவிடும். கோ என்றால் கோயம்புத்தூர், பி.கே.எம். என்றால் பெரியகுளம், பி.எல்.ஆர். என்றால் பாலூர். பி.கே.எம்.1 தக்காளி, பி.எல்.ஆர்.1 கத்தரி எல்லாம் அப்படி. ஊர் ரகம் வேண்டுமென்றால் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி இருக்கிறது, 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காம்பில் முள் இருக்கும், எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதுபோல் ஒன்று இல்லை.

கிழக்குமாடி, ஜூலை 13

துணிச் சோதனை முடிந்தது, அப்படியே எழுதுகிறேன். சிறுகீரையைச் சும்மா ஒரு சிட்டிகை போட்டேன், மூன்றாம் நாளே துணி முழுக்க வெள்ளை முளை. வெண்டை 10க்கு 8. தக்காளி 10க்கு 5. கத்தரி 10க்கு 4. மிளகாய் பன்னிரண்டாம் நாள் ஒன்றே ஒன்று. வெங்காய விதையும் ஒரு பாக்கெட் இருந்தது, ஒன்றுகூட வரவில்லை.

நொய்யல், ஜூலை 13

வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, ஒரு வருடம் கடந்தால் நம்ப முடியாது. வெண்டையும் கீரையும் அப்படியே போடலாம். கத்தரி, மிளகாய் புதிதாக வாங்குங்கள். மீதியை எங்கே வைத்திருந்தீர்கள்?

கிழக்குமாடி, ஜூலை 13

அடுப்புக்கு மேல் அலமாரியில்.

நொய்யல், ஜூலை 13

காரணம் அதுதான் அக்கா. சூடும் ஆவியும் விதையைக் கிழடாக்கிவிடும். இனிமேல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

வைகைக்கரை, ஜூலை 20

ஆடி பிறந்து நாலு நாள் ஆயிற்று. கலவையை இப்போதே பையில் நிரப்பி லேசாக நனைத்து வைத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் கிடந்தால் புண்ணாக்கின் சூடு அடங்கும். நிரப்பிய அன்றே விதைத்தால் முளை கருகும்.

எதை எப்படிப் போடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். வெண்டை, சுரை, அவரை, கீரை எல்லாம் நேராகப் பையில்தான். வெண்டையும் சுரையும் வேர் அசைந்தால் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு நிற்கும். கத்தரி, மிளகாய், தக்காளி மட்டும் நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டும். தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாள்.

ஆழம் ரொம்ப முக்கியம். விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான். சுரை விதை விரலின் முதல் கணு வரை போகலாம். கத்தரி விதைக்கு மேல் மண் தூவினாலே போதும். சுரை விதையை ஒரு ராத்திரி ஊற வையுங்கள். பாகலுக்கு ஓடு கெட்டி, 24 மணி நேரம் வேண்டும். கீரையை ஊற வைக்கத் தேவையில்லை, நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள்.

பந்தல்கால், ஜூலை 20

கீரைக்கு எறும்பை மறந்துவிட்டீர்களே ஐயா! கீரை விதை தூவிய அன்று சாயங்காலமே எறும்பு வரிசை கட்டி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்விடும். முளைக்கவில்லை, விதை மோசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பையைச் சுற்றித் தரையில் ஒரு பிடி நொய் போட்டு வையுங்கள். எறும்பு அதைத் தூக்கும், விதையை விடும். மூன்று நாள் போட்டால் போதும், அதற்குள் முளைத்துவிடும். எங்கள் வீட்டில் மஞ்சள் தூளைச் சுற்றிலும் கோடாகப் போடுவதும் உண்டு. எனக்கு நொய்தான் பிடிக்கும், எறும்புக்கும் வயிறு இருக்கிறதே.

கிழக்குமாடி, ஆகஸ்ட் 3

இன்று ஆடிப்பெருக்கு, விதைத்துவிட்டோம்!

காலையில் சித்திரான்னம் கிளறி முடித்து நாலு பேரும் மாடிக்குப் போனோம். மொத்தம் 9 பை. கிழக்குச் சுவர் ஓரம் வெண்டை நாலு, சுரை ஒன்று, அவரை ஒன்று. மேற்கில் அகலப் பையில் சிறுகீரை ஒன்று. இரண்டு பை கத்தரிக்குக் காத்திருக்கிறது. வெண்டைக்குப் பைக்கு மூன்று விதை, நன்றாக வருவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடப் போகிறேன். அவரையை மாமியார்தான் போட்டார். விதையின் வெள்ளை மூக்கு கீழ் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்தார். நொய்யும் போட்டாயிற்று.

கத்தரி நாற்றுக்கு இந்த முறை படிக்கட்டு அடி வேண்டாம் என்று முடிவு செய்து, கிழக்கில் ஒரு வெள்ளைத் துணியைப் பந்தல் மாதிரிக் கட்டி அதன் கீழ் குழித்தட்டை வைத்திருக்கிறேன். கத்தரி விதையில் அரிசிக் கஞ்சியும் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் பொடியும் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) சேர்த்துப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்திப் போட்டேன்.

தண்ணீர் பற்றி ஒரு கேள்வி. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. இயந்திரத்தில் வெளியேறும் தண்ணீர் தினமும் ஒரு குடம் வீணாகிறது, அதை ஊற்றலாமா?

நொய்யல், ஆகஸ்ட் 3

வேண்டவே வேண்டாம் அக்கா. ஆர்.ஓ. வெளியே தள்ளுவது கிணற்றுத் தண்ணீரைவிட அதிக உப்பு, நாற்றின் இலை ஓரம் கருகிவிடும். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பே இருக்காது. நாற்றுக்கு அது போதும். மழை பெய்தால் அண்டாவைத் திறந்து வையுங்கள்.

குழித்தட்டுக்குக் காலையில் மட்டும், மேலே ஊற்றாமல், ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துத் தட்டை அதில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். அடித்துளை வழியாக வேண்டிய அளவு உறிஞ்சிக்கொள்ளும், மேல் மண் உலர்ந்தே இருக்கும். கழுத்து அழுகாது.

கிழக்குமாடி, ஆகஸ்ட் 14

நாற்றழுகல் இல்லை! கத்தரி ஒன்பதாம் நாள் தலையைக் காட்டியது. முளை வந்த அன்றே காலை வெயிலுக்கு நகர்த்திவிட்டேன். தண்டு இந்த முறை குட்டையாக, ஊதா நிறத்தில், தடவினால் கெட்டியாக இருக்கிறது. போன வருட நாற்றைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு செடி மாதிரித் தெரிகிறது. வெண்டை எல்லாப் பையிலும் வந்துவிட்டது. சுரை முளைக்கும்போது விதையோட்டைத் தொப்பி மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு வந்தது. மகள் பிய்த்துவிடப் போனாள், நான் தடுத்துவிட்டேன். சரிதானே?

வைகைக்கரை, ஆகஸ்ட் 14

சரியாகச் செய்தீர்கள். பிய்த்தால் உள்ளே இருக்கும் வித்திலையும் சேர்ந்து கிழியும். இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டு வைத்தால் ஓடு இளகித் தானே விழும்.

கிழக்குமாடி, ஆகஸ்ட் 29

சிறுகீரை முதல் அறுவடை, 26ஆம் நாள். வேரோடு பிடுங்காமல் இரண்டு விரல் விட்டுக் கிள்ளினேன். நாலு பேருக்கு ஒரு வேளைப் பொரியல். கடைக்கீரையைச் சமைக்கும்போது வராத ஒரு மணம் அடுப்படியில் வந்தது, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதுமண், செப்டம்பர் 18

எனக்கு உதவி வேண்டும். நானும் ஆடியில் சுரை போட்டேன். கொடி பத்தடி போய்விட்டது, தினமும் பூக்கிறது, ஒன்றும் காயாகவில்லை. சின்னப் பிஞ்சு நாலைந்து வந்து மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. காலையில் ஆண் பூவை எடுத்துத் தடவியும் பார்த்தேன்.

பந்தல்கால், செப்டம்பர் 18

காலையில் தடவினால் எப்படிப் பிடிக்கும் தம்பி? சுரைப்பூ சாயங்காலம் மலரும் பூ. பீர்க்கையும் புடலையும்கூட அந்தி சாயும் நேரம்தான். பூசணி, பாகல், வெள்ளரிதான் காலையில். சாயங்காலம் ஆறு ஆறரைக்குப் போய்ப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று விரிந்திருக்கும். காம்பு மட்டும் நீளமாக இருந்தால் ஆண், பூவுக்குக் கீழே ரோமம் போர்த்திய குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருந்தால் பெண். ஆண் பூவைப் பறித்து இதழை மடக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுங்கள். மூன்று நாலு நாளில் பிஞ்சின் காம்பு கீழ்நோக்கி வளைந்து கனத்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மாடியில் அந்திப் பூச்சிகள் குறைவாகத்தான் வரும், அதனால்தான் கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

கிழக்குமாடி, செப்டம்பர் 24

வெண்டை 48ஆம் நாளிலிருந்து பறிக்கிறோம், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஏழெட்டுக் காய். ஆனால் நாலில் ஒரு செடியின் இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை மாதிரித் தெரிகிறது. புது இலை சிறுத்து, காயும் வெளிறிப்போய் வருகிறது. உரம் குறைவா?

வைகைக்கரை, செப்டம்பர் 24

உரம் இல்லையம்மா, மஞ்சள் நரம்புத் தேமல் நோய். நச்சுயிரி. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டு போகும். வந்த செடியைக் காப்பாற்ற வழி இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு இன்றைக்கே பிடுங்கி, மூட்டை கட்டி வெளியே போட்டுவிடுங்கள். மட்கு தொட்டியில் போடாதீர்கள். மற்ற மூன்றுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை. வெள்ளை ஈ அடியில்தான் உட்காரும், மேலே தெளித்துப் பயனில்லை. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கிழக்குமாடி, செப்டம்பர் 25

பிடுங்கிவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பையில் உடனே வெண்டை போடலாமா?

வைகைக்கரை, செப்டம்பர் 25

வேண்டாம். பாதிக் கலவையை வெயிலில் காய வைத்து, புது உரம் சேர்த்து, கீரையோ முள்ளங்கியோ போடுங்கள். ஒரே பையில் ஒரே குடும்பம் தொடர்ந்து வரக் கூடாது. கத்தரி இருந்த பையில் தக்காளியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம்.

புதுமண், அக்டோபர் 1

சுரை பிடித்துவிட்டது! மூன்று பிஞ்சு கீழே வளைந்து தொங்குகிறது. அக்காவுக்குப் பெரிய நன்றி. சாயங்காலம் ஆறு மணி இப்போது எங்கள் வீட்டில் சுரைப்பூ நேரம்.

கிழக்குமாடி, அக்டோபர் 11

கத்தரி பூத்துவிட்டது, இரண்டு பிஞ்சு. அவரை கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்து தண்ணீர்த் தொட்டி வரை போய்விட்டது, பூ இல்லை. மாமியார் தினமும் பார்த்துவிட்டு "கார்த்திகை வரட்டும்" என்று இறங்கி வந்துவிடுகிறார்.

நல்ல வெண்டைச் செடியில் மூன்றாவதாக வந்த காயைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன், சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம். பாக்கெட்டில் ஒட்டு ரகம் என்று போடவில்லை, அதனால் விதைக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். எப்போது பறிப்பது? மழைக்காலம் வருகிறது, நனைந்தால் கெட்டுவிடுமா?

பந்தல்கால், அக்டோபர் 11

பூத்த நாளிலிருந்து ஒரு மாதம், கூடவே ஐந்து நாள். காய் பழுப்பாகி, விளிம்பில் கீறல் விட ஆரம்பிக்கும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அதற்குள் அடைமழை பிடித்துவிட்டால் கீறல் விடும்வரை காத்திருக்காதீர்கள், பழுப்பானதுமே காம்போடு வெட்டி வீட்டுக்குள் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். உரித்த விதையை நிழலில் நாலு நாள் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, டப்பாவில் போட்டு ரகப் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

சிவப்பு நூலை மட்டும் இரண்டு சுற்றாகக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை நூல் நழுவி விழுந்து, விதைக்காய் சாம்பாருக்குப் போய்விட்டது.

கிழக்குமாடி, அக்டோபர் 12

இரண்டு சுற்றுக் கட்டிவிட்டோம். பி.கே.எம்.1 தக்காளி நாற்றும் விட்டாயிற்று, 20 குழி. இன்று நாலாம் நாள், ஒன்றும் தெரியவில்லை. மகள் இப்போதும் பல் விளக்குவதற்கு முன்னால்தான் எண்ணப் போகிறாள்.